வாளித் தண்ணீரும் வாசல் புல்லும்

எங்கள் வீட்டு வாசலில் கிடப்பதை மண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். எதை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. அங்கே கிடப்பது யாரோ ஒருவருடைய இடித்த வீடு. செங்கல் துண்டு, சுவரிலிருந்து பெயர்ந்த காரை, குளியலறை டைல்ஸ் சில்லு, துருப்பிடித்த ஆணி. ஒரு தடவை தோண்டும்போது பல் தேய்க்கும் பிரஷ்கூட வந்தது. அந்த வீட்டில் யார் பல் தேய்த்தார்களோ, பாவம்.

சிட்லபாக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டுவதில்லை. அதன் தலையிலேயே புதிதை ஊற்றிவிட்டுப் போவார்கள். ரோடு வளரும், வீடு வளராது. நாங்கள் வீடு கட்டியபோது ரோட்டிலிருந்து படியேறி உள்ளே போவோம். பிறகு சமமாக நடந்து போனோம். பிறகு இறங்கிப் போனோம். ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் கேட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால் தெருவில் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம்: லாரி வைத்து ரப்பிஷ் அடித்தோம். இடித்த கட்டடத்தின் கழிவுக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். வாசல் முழுக்க அதைக் கொட்டி, மேலே ஒப்புக்குச் செம்மண் தூவி, பெரும்பகுதிக்குச் சிமென்ட் போட்டோம். ஹால் ஜன்னலுக்கு முன்னால் மட்டும் ஒரு துண்டு இடம் திறந்து கிடந்தது. செம்பருத்தி வைக்கலாம் என்று விட்டது. செம்பருத்தியும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை.

அந்தத் துண்டு இடத்தில் புல் வளர்க்க நான் நாயாக அலைந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர். ஆபீஸ் போன காலம் முழுக்க சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்தே போய், மின்சார ரயிலில் நின்றுகொண்டே பீச் ஸ்டேஷன் வரை போய் வந்தவர். உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டார். கால்தான் அவருக்குப் பெருமை. ஸ்ட்ரோக் வந்து அந்தப் பெருமையின் மேலேயே கை வைத்தது. இடது கை, இடது கால், வாயின் இடது ஓரம் எல்லாம் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கம்பை ஊன்றி, சுவரைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து நடக்கப் பழகினார். பழகி வரும்போதே ஒருநாள் போர்ட்டிகோ சிமென்ட்டில் முகம் குப்புற விழுந்தார். தாடையில் தையல் போட வேண்டியதாயிற்று. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அதற்குப் பிறகு சிமென்ட்டைக் கண்டாலே அந்தக் கால் எழுந்திருக்க மறுத்தது. வாதத்தைவிட பயம் பெரிதாகிவிட்டது. சிகிச்சைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிசியோதெரபிப் பெண் தலைகீழாக நின்று பார்த்தாள். கடைசியில் அவள்தான் சொன்னாள், சாரை வெறுங்காலோடு புல்லில் நடக்க வையுங்கள், பாதத்துக்கு உணர்ச்சியும் வரும், விழுந்தாலும் அடிபடாது, பயம் தானாகத் தெளியும் என்று. அவர் நடக்காமல் இப்படியே உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்தி, என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

புல்லுக்கு எங்கே போவது? எங்கள் மகள் பெருங்களத்தூரில் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். கீழே பச்சைப்பசேலென்று பெரிய புல்தரை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்தார். இடது காலை வைப்பதற்குள் விசில் சத்தம். காவலாளி ஓடி வந்தார். “சார், புல்லு மேல நடக்கக் கூடாது சார். அசோசியேஷன்ல திட்டுவாங்க.” அங்கே ஒரு பலகையும் இருந்தது, புல்லில் நடக்காதீர்கள் என்று. நடக்கக் கூடாத புல்லை எதற்கு வளர்க்கிறீர்கள் என்று நான் கத்திய கத்தலில் மாடிகளில் எல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. மகளுக்கு என்னால் மானம் போயிற்று. ஒரு கால் புல்லிலும் ஒரு கால் சிமென்ட்டிலுமாக நின்றவர், புல்லில் வைத்த காலை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அப்போது சொன்னார்: “நம்ம வாசல்ல போட்டா எவன் வந்து விசில் அடிப்பான், டீச்சர்?” என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கேலியாகத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவராக ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே முடிவு செய்தேன், அந்த ஜன்னலோரத் துண்டில் புல் வந்தே ஆக வேண்டும் என்று.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு நர்சரிக்காரரைப் பிடித்தேன். வந்து பார்த்தார். மண்ணை முதலில் பரிசோதிக்க வேண்டாமா என்று கேட்டேன். சிரித்தார். “இன்னாமா, மண்ணு இன்னா சுகர் பேஷண்டா, டெஸ்ட்டு பண்ண? கார்ப்பெட்டு மேரி விரிச்சிட்டுப் போய்க்கினே இருப்போம். ஒரே மாசத்துல நீயே உருளலாம்.” என் மூளை எங்கே போயிற்று என்று தெரியவில்லை, தலையாட்டினேன். பாய் பாயாகக் கொண்டுவந்து விரித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் ஜன்னலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர் பிடிக்கட்டும், பிறகு நடக்கலாம் என்று சொல்லி வைத்தேன். பிடிக்கவில்லை. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பாய் பாயாகவே கையோடு வந்தது. அடியில் ஒரு வெள்ளை வேர்கூடக் கீழே இறங்கவில்லை. நர்சரிக்காரரைக் கேட்டால் வெயில் ஜாஸ்தி என்றார். அந்த மண்ணைப் பிளந்துகொண்டு எந்த வேர் இறங்கும்?

எனக்கு வந்த கோபம் நர்சரிக்காரர் மேல் அல்ல, என் மேல்தான். ஒரு கைப்பிடி மண்ணைத் தட்டில் எடுத்து சமையலறையில் இருந்த வினிகரை ஊற்றினேன். சோடா பாட்டிலைத் திறந்தது போலப் பொங்கியது. சுண்ணாம்பு. காரையும் சிமென்ட்டும் ஊறி ஊறி மண் முழுக்கச் சுண்ணாம்பு. எத்தனை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதே பொங்கலைக் காட்டியிருப்பேன்! வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன். “பாஸா, ஃபெயிலா?” என்றார். ஃபெயில் என்றேன். “அப்போ டியூஷன் வை” என்றார். எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் இன்னும் சிரிப்பு இருந்தது.

பிறகு முறையாகச் செய்தேன். அந்தத் துண்டு இடத்தில் அங்கங்கே ஆங்கில வி எழுத்து போலக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாகச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்தேன். அதை வட்டமாகப் பரப்பி நாலு பங்காகக் கோடு கிழித்து, எதிர் எதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைத் திரும்பவும் கலந்து, திரும்பவும் நாலாக்கி, கைக்குள் அடங்கும் வரை குறைத்தேன். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு போனேன். நெல்லுக்கா, வேர்க்கடலைக்கா என்று கேட்டார்கள். புல்லுக்கு என்றேன். மாட்டுக்கா என்றார்கள். மனுஷனுக்கு என்றேன்.

முடிவு வந்தது. நான் நினைத்ததுதான்: காரத்தன்மை கூடுதல், சுண்ணாம்பு ஏராளம், மக்கிய சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. உப்பு மட்டும் பரவாயில்லை, அளவோடு இருந்தது. இதைச் சொன்ன ஆய்வகப் பெண், கல்லையெல்லாம் எடுத்துவிட்டு மக்கிய உரம் நிறையக் கலக்கச் சொன்னாள். கொஞ்சம் கந்தகத் தூளும் போட்டு, ஆறப் போட்டு, அப்புறம் புல் வையுங்கள் என்றாள். சொன்னபடி செய்தேன். ஆள் வைத்துத் தோண்டி, இரும்புச் சல்லடையில் சலித்து, யாரோ ஒருவருடைய வீட்டைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தோம். படப்பை பக்கத்திலிருந்து நல்ல செம்மண் வந்தது. தொழு உரம், மண்புழு உரம், தென்னை நார்க் கழிவு, வேப்பம்புண்ணாக்கு எல்லாம் சேர்த்துக் கலந்தேன். தெருவே நாறியது. பக்கத்து வீட்டு சார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, விவசாயம் பண்ணப் போகிறீர்களா மேடம் என்று கேட்டார். ஆமாம், உங்களுக்கு ரெண்டு மூட்டை நெல் தருகிறேன் என்றேன். அவர் அப்புறம் வரவில்லை.

கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்குகிற மாதிரி அந்த மண் ஆனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாம் தடவை புல் பதித்தேன். இந்தத் தடவை பாயாக இல்லை, சின்னச் சின்னக் கொத்தாக. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரும், மொட்டை மாடி மழைத் தண்ணீர் போய்ச் சேரும் தொட்டியில் இருந்த தண்ணீரும் விட்டேன். பிடித்துக்கொண்டது. கொத்துக்குக் கொத்து கை நீட்டிக்கொண்டு ஓடியது. இடைவெளி மூடி அடர்ந்ததும் அவரை அதில் நடக்க வைக்கலாம் என்று நாள் எண்ணினேன். ஆல் போல் தழைத்து அருகு போல் வேரோடி என்று கல்யாண வீட்டில் வாழ்த்துவார்களே, அதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இங்கேதான் வாளி வருகிறது. எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் குடிக்க ஆர்.ஓ. மெஷின் இல்லாத வீடு கிடையாது. அது கொஞ்சம் நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அதைவிட நிறையக் கழிவுத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தள்ளும். அதை யாரும் சாக்கடையில் விடுவதில்லை. தண்ணீர் லாரி வரும் வரும் என்று குடங்களை வரிசை வைத்துக் காத்துக்கிடந்த கோடைகளை நாங்கள் மறக்கவில்லை. ஒரு சொட்டு வீணானாலும் மனசு பதறும். ஆகவே வீட்டுக்கு வீடு அந்தக் குழாயின் வாயில் ஒரு வாளி இருக்கும். பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க, செடிக்கு ஊற்ற. அப்படிச் செய்யாதவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நாங்களே பேசியிருக்கிறோம். எங்கள் வாளி சமையலறையை ஒட்டிய பின்பக்க வராந்தாவில் இருந்தது. சிவப்பு வாளி.

ஒருநாள் காலை நான் பூஜை அறையிலிருந்து வெளியே வந்தால் நாற்காலியில் அவர் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப் பார்த்தால், பின்பக்க வராந்தாவிலிருந்து வாசலுக்குப் போகிற சந்தில், தோளைச் சுவரில் சாய்த்துச் சாய்த்து, வலது கையில் ஒரு மக்கில் வாளித் தண்ணீரோடு நடந்து போய்க்கொண்டிருக்கிறார். கம்புகூட இல்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனேன். புல்லின் ஓரத்தில் நின்றார். பாதி வழியில் சிந்திவிட்டது போக மிச்சத்தை ஊற்றினார். திரும்பி என்னைப் பார்த்தார். “வாளி நிரம்பி வழிஞ்சுது, டீச்சர். வீணாப் போவுதேன்னு எடுத்தேன்.”

அன்றிலிருந்து அது அவர் வேலை. அடுத்த மக்கு, அதற்கடுத்த மக்கு, வாளி காலியாகும் வரை. அவர் நடந்தது எல்லாம் சிமென்ட்டில்தான். கையில் தண்ணீர் இருந்ததால் காலைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமில்லை. பிசியோதெரபிப் பெண் வந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் குழாயைப் பிடித்தால் அவருக்குக் கோபம் வரும். நல்ல தண்ணியை ஏன் வீணாக்குகிறாய், புல்லுக்கு நான் ஊற்றுகிறேன் என்று பிடுங்கி வைத்துவிடுவார். எனக்கு அந்தக் கோபம்கூட இனித்தது. போன ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் புல் பழுக்கத் தொடங்கியது. முதலில் சந்தின் பக்கம், அவர் வந்து நிற்கும் ஓரம். நுனி காய்ந்து, பிறகு இலை முழுக்கக் காய்ந்து, வைக்கோலாக உதிர்ந்தது. மண்ணின் மேல் அங்கங்கே வெள்ளையாக ஏதோ பூத்தது. உரம் போதவில்லை என்று உரம் போட்டேன். கந்தகம் கூடிவிட்டதோ என்று பயந்தேன். ஒன்றும் புரியாமல் மறுபடி குழி வெட்டி, மறுபடி நாலு பங்கு பிரித்து, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அதே நிலையத்துக்குப் போனேன்.

அதே பெண்தான். முடிவு வந்ததும் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். காரம் குறைந்திருக்கிறது, சத்து ஏறியிருக்கிறது, நீங்கள் செய்தது எல்லாம் சரி என்றாள். ஆனால் உப்பு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றாள். கடலோரத்தில் இருக்கிறீர்களா என்றுகூடக் கேட்டாள். இல்லை, சிட்லபாக்கம் என்றேன். பிறகு கேட்டாள், “என்ன தண்ணி மேடம் ஊத்துறீங்க?”

ஆர்.ஓ. வாளி என்று பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பு எங்கே போகும்? எடுத்ததெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கும். ஏற்கெனவே உப்பான தண்ணீர், இன்னும் இறுகி வருகிறது. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நான் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. அவர் நடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பரிவாகத்தான் பேசினாள். அதை நிறுத்திவிடுங்கள் மேடம், ரெண்டு நல்ல மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடும், புல் தானாக வரும் என்றாள். நிறுத்திவிடுங்கள் என்பது அவளுக்கு எவ்வளவு சுலபமான வார்த்தை.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா, கூடையைக் காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, “இன்னா கண்ணு, ஆஸ்பத்திரியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுமந்து கொண்டு போய் ஊற்றும் தண்ணீர்தான் புல்லைக் கொல்கிறது என்றா? விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள். விழலாவது அதைக் குடித்துவிட்டு வளரும்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அவர் கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார். மக்கு கையில் இருந்தது. டீச்சர், இன்னைக்கு வாளி முழுக்க நானே காலி பண்ணிட்டேன் என்றார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நான் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். சொல்லவில்லை.

சொல்லாமலே சரிசெய்யப் பார்த்தேன். அவர் தூங்கி எழுவதற்கு முன்னால் ஆர்.ஓ. குழாயைச் சாக்கடையில் செருகிவிட்டு, வாளியில் மழைத்தண்ணீரை நிரப்பி வைத்தேன். கொஞ்ச நாள் ஓடியது. மூங்கில் குருத்து மாதிரி அங்கங்கே ஒன்றிரண்டு பச்சை தலை நீட்டியது. பிறகு ஒரு காலையில் பின்பக்கத்திலிருந்து பெரிய சத்தமாக என்னைக் கூப்பிட்டார். போனேன். தரையில் உட்கார்ந்திருந்தார். குழாய் கழன்று சாக்கடையில் போகிறது, நீ கவனிக்கவே இல்லையா என்று கேட்டார். அவராகவே குனிந்து, உட்கார்ந்து, ஒற்றைக் கையால் அதை உருவி எடுத்து வாளியில் திருப்பிப் போட்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். குனிந்து உட்கார்ந்து ஒரு காரியம் செய்ய முடிந்தது என்பதை அவராலேயே நம்ப முடியவில்லை. இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் குழாயைத்தான் போய்ப் பார்த்தார்.

கடைசியாக ஒரு தடவை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். இந்தத் தண்ணீரால் வாசலைக் கழுவிவிடலாமே, புல்லுக்கு வேறு தண்ணீர் விடலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

“வாசலைக் கழுவ நான் எதுக்கு, டீச்சர்? புல்லுக்கு ஊத்தத்தான் நான் எழுந்திருக்கிறதே.”

அவ்வளவுதான். அவர் நடக்க வேண்டும் என்று புல் வளர்த்தேன். புல் செத்தாலும் அவர் நடக்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தக் கோடையில் புல் முழுக்கப் போயிற்று. நான் சலித்து, கலந்து, கொஞ்சி வைத்த மண் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்தது. அவர் வெறும் தரைக்கு ஊற்றிக்கொண்டே இருந்தார். வெயில் தணிந்தால் வரும் என்றார். ஆடியில் வரும் என்றார். நான் ஆமாம் ஆமாம் என்றேன். பொய் சொல்வதற்கு என்று ஒரு சம்பளம் இருந்திருந்தால் அந்த வருஷம் நான் மாடி கட்டியிருப்பேன்.

மழைக்குக் கொஞ்ச நாள் முன்னால் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தது. சிமென்ட்டிலும் இல்லை, புல்லிலும் இல்லை. படுக்கையிலேயே வந்தது. எழுந்து குழாயைப் பார்க்கப் போகவில்லையே என்று போய்த் தொட்டேன், கண் மட்டும் திறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நாட்கள் போயின. திரும்பிக் கொண்டுவந்தபோது இனி நடை இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பியது, ஒவ்வொரு வார்த்தையாக. ஹாலில் ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டோம். பிசியோதெரபிப் பெண் இப்போதும் வருகிறாள், படுக்கைப் புண் வராமல் கை காலை அசைத்துவிட. புல்லைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. தண்ணீர் கேட்டைத் தாண்டி வந்தது, வடிந்தது, மறுபடி வந்தது. வாளியைப் பார்க்க யாருமில்லாமல் ஆர்.ஓ. தண்ணீர் வழிந்து சாக்கடையோடு போயிற்று. தை பிறந்து வெயில் அடித்தபோது ஜன்னலைத் திறந்தேன். வெளியே புல்.

செத்துப்போன கொத்துகளின் அடியில் எங்கேயோ உயிர் ஒளிந்திருந்திருக்கிறது. சந்தின் ஓரம்வரை, சுவரின் அடிவரை, மெழுகி விட்டாற்போலப் பச்சை. அந்தப் பெண் சொன்னது அப்படியே நடந்தது: நிறுத்தினோம், மழை பெய்தது, வந்துவிட்டது. அவர் கால் விழுந்த பிறகுதானா உனக்கு வேர் பிடிக்க வேண்டும்? மண்வெட்டியை எடுத்து அத்தனையையும் கொத்திப் போடலாம் என்று பின்பக்கம்வரை போனேன். அதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அவர் பார்த்துவிட்டார்.

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சுங்க.”

“நான் சொன்னேன்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஊத்தினது வீணாப் போவலை.”

போகவில்லை என்றேன். நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் என்றேன். அவர் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை, நான்தான் துடைத்தேன். நிறுத்திவிடாதே, நிறுத்தினால் காய்ந்துவிடும் என்று சொன்னார். அதனால் காலையில் சிவப்பு வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, அவர் பார்க்கும்படி ஜன்னலுக்கு நேராக நின்று மக்கு மக்காக ஊற்றுகிறேன். என் கை அதைச் செய்கிறது. நடக்க வேண்டியவர் படுத்திருக்கிறார், புல்லுக்கு என்ன குறை? அது பாட்டுக்கு வளர்கிறது.

போன வாரம் ஒரு மாலை. வெயில் இன்னும் சுவரில் இருந்தது. நான் வாடிய இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து கூப்பிட்டார். செருப்பைக் கழற்று என்றார். எதற்கு என்றேன்.

“நீ நட. நான் பாக்கறேன்.”

யோசித்துப் பார்த்தால் அந்தப் புல்லின் மேல் நான் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. முதல் அடி அவருடையதாக இருக்கட்டும் என்று ஓரமாகவே நடந்து பழகிவிட்டேன். செருப்பைக் கழற்றினேன். காலை வைத்தேன். சில்லென்று இருந்தது. அடுத்த காலை வைத்தேன். பாதம் உள்ளே இறங்கி, கீழிருந்து யாரோ தாங்கிப் பிடிக்கிற மாதிரி நின்றது. ஒரு கல் இல்லை, ஒரு சில்லு இல்லை. இதில் விழுந்திருந்தால் அவருக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போய்த் திரும்பினேன். அவர் கண் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“எப்படி இருக்கு?”

காலைத் தூக்கி, குத்தியது போலப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டேன்.

“ஒண்ணும் பிரமாதம் இல்லைங்க. அங்கங்க குத்துது. சிமென்ட்டே தேவலாம்.”

வாயின் வலது ஓரம் மட்டும் சிரித்தது. “டீச்சர் குத்தம் சொன்னா... அப்போ நல்லாத்தான் இருக்கு.”

அவர் கொஞ்ச நேரம் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “ஜன்னலைச் சாத்திடு. கொசு வருது” என்றார்.

கொசு வருகிற நேரம் இன்னும் ஆகவில்லை. போய்ச் சாத்தினேன்.